ஊரையே துள்ள வைத்த குரல். தனியாகவே இருந்த மனிதர்: யார் இந்த ஜே.பி.சந்திரபாபு?

மாங்காட்டிலிருந்து போரூர், வளசரவாக்கம் வழியாக வடபழனிக்கு தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆற்காடு சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிராஃபிக், தூசி, ஹார்ன் சத்தம். ஆனா எழுபது வருஷத்துக்கு முன்னாடி இந்தச் சாலையின் வடபழனிப் பக்கம்தான் தமிழ் சினிமாவின் தலைமையகம் மாதிரி இருந்தது. ஏவிஎம், விஜயா-வாகினி என்று வரிசையாக ஸ்டுடியோக்கள். இன்றைக்கு ஷாப்பிங் மால் நிற்கிற இடத்தில் அன்றைக்கு ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்து ஹிட் பாடல்களில் ஒரு குரல் மட்டும் இன்றும் தனியாகத் தெரியும். 'குங்குமப் பூவே', 'பம்பரக் கண்ணாலே' பாட்டெல்லாம் தாத்தா காலத்தது என்று தெரியாமலேயே பலர் ஹம் செய்வார்கள். கல்யாண வீட்டு லைட் மியூசிக்கில் இந்தப் பாட்டைத் தொட்டால் வயசு வித்தியாசம் இல்லாமல் கால் ஆடும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஜே.பி.சந்திரபாபு.

பாட்டைக் கேட்டால் கவலைன்னா என்னன்னே தெரியாத ஆள் மாதிரி இருக்கும். ஆனா வாழ்க்கை வரலாறு வேற மாதிரி. வாய்ப்பு கிடைக்காமல் உயிரையே விடத் துணிந்தவர். கல்யாணம் நிலைக்காதவர். சொந்தப் படம் பாதியில் நின்று கடனில் மூழ்கியவர். 46 வயதிலேயே இறந்தவர். அப்படின்னா அந்தச் சந்தோஷமெல்லாம் வேஷமா? இல்லை, பாட்டுக்குள்ளேயே தனிமை ஒளிந்திருந்ததா?

யார் இந்த சந்திரபாபு?

1927 ஆகஸ்ட் மாதம் தூத்துக்குடியில் பிறந்தவர். கடலோரக் கத்தோலிக்கக் குடும்பம். தூத்துக்குடியின் அடையாளமான பனிமய மாதா கோயிலின் பெயர்தான் அவருடைய பெயரிலும் இருக்கிறது. ஜே.பி. என்ற இனிஷியலில் வருகிற 'பி', பனிமயதாஸ். வீட்டில் கூப்பிட்ட 'பாபு'தான் பிறகு 'சந்திரபாபு' ஆனது.

அப்பா சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகையாளர். ஆங்கிலேய அரசின் நடவடிக்கையால் குடும்பம் இலங்கைக்குப் போக வேண்டியதாயிற்று. சந்திரபாபுவின் பள்ளிப் பருவம் கொழும்பில் கழிந்தது. அங்கேதான் ஆங்கிலம் பழகினார். மேற்கத்திய இசையும் நடனமும் காதிலும் காலிலும் ஏறியதும் அங்கேதான்.

1940-களில் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த நாடு வேறு, பிழைக்க வந்த நகரம் இன்னொன்று. கொழும்பில் இந்தியாவிலிருந்து வந்த பையன்; சென்னையில் சிலோன் உச்சரிப்பு கலந்த தமிழும் ஆங்கிலமும் பேசுகிற இளைஞன். எங்கே போனாலும் கொஞ்சம் வெளியூர்க்காரர்தான். பின்னாளில் இதே ஆள் மெட்ராஸ் பாஷையைத் திரையில் பிரபலமாக்கினார் என்பது சுவாரசியமான முரண். 'சபாஷ் மீனா'வில் (1958) அவர் இரட்டை வேடம் போட்டார். அதில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். அந்த ஊர்க்காரங்களே அசந்துபோகிற அளவுக்குப் பேசினார்.

1947-ல் 'தன அமராவதி' மூலம் சினிமாவுக்கு வந்தார். ஆனா கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. சின்னச் சின்ன வேடங்களோடு ஐந்து வருஷம் ஓடியது.

அந்தக் குரலில் அப்படி என்ன புதுசு?

1950-களின் தமிழ் சினிமாப் பாட்டு என்றால் பெரும்பாலும் கர்நாடக ராகங்களின் சாயல், கணீர் குரல், தெளிவான உச்சரிப்பு. சந்திரபாபுவிடம் இருந்தது வேறொரு சரக்கு. ராக் அண்ட் ரோல் தாளம், மைக்கிடம் ரகசியம் பேசுவது போன்ற குழைவு, நடுநடுவே யோடலிங்.

யோடலிங் என்றால் என்ன? நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரலிலிருந்து சட்டென்று உச்சந்தலைக் குரலுக்குத் தாவி, உடனே கீழே இறங்குவது. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்க்கிறவர்கள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கூப்பிடப் பயன்படுத்திய குரல் இது. பக்கத்தில் ஆள் இல்லாதபோது, தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கணும் என்று எழுப்புகிற சத்தம். 1920-களில் அமெரிக்காவின் ஜிம்மி ராட்ஜர்ஸ் அதை ப்ளூஸ் இசையோடு கலந்து, ஊர் ஊராகத் திரிகிற தனியாட்களின் பாட்டாக்கினார். இந்தி சினிமாவில் கிஷோர் குமார் அதையே துள்ளலுக்குப் பயன்படுத்தினார். தமிழில் அந்த வேலையைச் செய்தவர் சந்திரபாபு. தூரத்து ஆளைக் கூப்பிடும் சத்தம், இங்கே ஜாலியின் அடையாளமாக மாறிப்போனது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அன்றைக்குக் கதாநாயகர்களுக்குப் பின்னணி பாடியவர்கள் வேறு ஆட்கள். திரையில் சிவாஜி வாயசைத்தால் குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது என்பது ரசிகனுக்குத் தெரியும். சந்திரபாபு விஷயத்தில் நடிப்பவரும் அவர், பாடுபவரும் அவர், விழுந்து எழுந்து ஆடுபவரும் அவரே. குரலுக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி இல்லை. அதனாலேயே வேடத்துக்கும் மனிதருக்கும் நடுவில் இடைவெளி இருக்கும் என்பது பலருக்குத் தோன்றவில்லை. திரையில் பார்த்த பாபுதான் நிஜ பாபு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

1952-ல் என்ன நடந்தது?

பெயர் வாங்குவதற்கு முன்பே நடந்தது இது. அப்போது அவருக்கு 25 வயதுகூட முழுசாக ஆகவில்லை. வாய்ப்புக்காக ஜெமினி ஸ்டுடியோவைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஸ்.எஸ்.வாசனைச் சந்திக்க முடியவில்லை. விரக்தியின் உச்சத்தில், ஸ்டுடியோ வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார்.

தற்கொலை முயற்சி அன்றைக்குத் தண்டனைக்குரிய குற்றம். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கோர்ட்டுக்கும் போக வேண்டியிருந்தது. அங்கே நடந்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்கள். காரணம் கேட்ட நீதிபதியின் முன் சந்திரபாபு ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையையே சுட்டுக்கொண்டார். சுட்டதை எல்லோரும் பார்க்க முடியும், ஆனால் அந்த வலி தன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவர் சொல்ல வந்தது.

இந்தச் சம்பவம் இன்றுவரை எப்படிச் சொல்லப்படுகிறது தெரியுமா? பெரும்பாலும் அவருடைய நடிப்புத் திறமைக்கு உதாரணமாக. கோர்ட்டையே மேடையாக்கிய கில்லாடி என்ற ரசனையோடு. வலியைக் காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை நடிப்பு. அதை மற்றவர்கள் நடிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர் வாழ்க்கை முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கப்போவதும் இதுதான்.

பிறகு அதே ஜெமினி தயாரித்த 'மூன்று பிள்ளைகள்' (1952) படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது. கதவு திறந்தது. என்ன விலை கொடுத்துத் திறந்தது என்பதை யாரும் கணக்குப் போடவில்லை.

(ஒரு சின்னத் தகவல்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.)

கல்யாணப் பாட்டு பாடியவரின் கல்யாணம்

1954-ல் ஏவிஎம்மின் 'பெண்' படத்துக்காக ஒரு பாட்டு பாடினார். திரையில் வாயசைத்தவர் வீணை எஸ்.பாலசந்தர். வாழ்க்கையில் கல்யாணம் வேணும், அதுதான் இன்பம் என்று துள்ளுகிற பாட்டு. இன்றைக்கும் வீடியோ எடிட்டிங்கில் திருமண ஆல்பத்துக்குப் பொருந்தும்.

நம் ஊரில் கல்யாணத்துக்கு இருக்கிற மதிப்பு தெரிந்ததுதான். மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்கு, வரன் அமையணும் என்று ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வந்து போகிறவர்கள் கொஞ்சநஞ்சம் பேரில்லை. சிவனை மணக்க அம்மன் தீ நடுவே ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த தலம் என்பது ஐதீகம். கல்யாணம் ஆகிவிட்டால் தனிமை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த வரிசையில் நிற்கிற பல பேருக்கு உண்டு. சந்திரபாபுவுக்கும் இருந்திருக்கும்.

1958-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. திரையுலகப் பிரமுகர்கள் வாழ்த்தினார்கள். ஆனால் மணமான உடனேயே, தான் வேறொருவரை நேசிப்பதாக மனைவி அவரிடம் சொல்லிவிட்டார். சந்திரபாபு சண்டை போடவில்லை, ஊரைக் கூட்டவில்லை. அந்தப் பெண் விரும்பிய வாழ்க்கைக்கே அவரை அனுப்பிவைத்தார். அதன் பிறகு மறுமணம் செய்துகொள்ளவில்லை. பல வருஷம் கழித்து வந்த பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) படத்துக்கு இந்தச் சம்பவம்தான் பொறி என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

இதைத் தியாகக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். மனசில் ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவர் கையால் தாலி வாங்கிக்கொண்ட பெண்ணுக்கும் ஒரு தனிமை இருந்தது. அதைப் புரிந்துகொண்டவர் சந்திரபாபு. புரிந்துகொண்டதற்காக வலி குறையுமா என்ன?

இப்போது வருஷங்களைக் கவனியுங்கள். கல்யாணம் நடந்த அதே 1958-ல்தான் 'நாடோடி மன்னன்', 'சபாஷ் மீனா' இரண்டும் வெளிவந்தன. எம்.ஜி.ஆர். படத்திலும் அவர், சிவாஜி படத்திலும் அவர். அடுத்த வருஷமே 'மரகதம்' படத்தில் ஜமுனாராணியோடு சேர்ந்து 'குங்குமப் பூவே'. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை, கு.மா.பாலசுப்பிரமணியம் வரிகள். தமிழ் சினிமாவின் மிகக் கொண்டாட்டமான காதல் டூயட்களில் ஒன்று.

அதே 1959-ல் ஏவிஎம்மின் 'சகோதரி'. படம் எடுத்து முடித்த பிறகு, இன்னும் கொஞ்சம் சூடு வேணும் என்று சந்திரபாபுவின் பால்காரர் காமெடி தனியாகச் சேர்க்கப்பட்டது. படத்தைத் தூக்கி நிறுத்தியதே அந்தப் பகுதிதான் என்பார்கள். அதில் அவர் பாடிய பாட்டு 'நான் ஒரு முட்டாளுங்க'. வீடு உடைந்துபோன ஒருவர், கூட்டத்தின் நடுவில் தன்னையே முட்டாள் என்று சொல்லி ஆடுகிறார். தியேட்டர் கைதட்டுகிறது. அவருடைய உச்சமும் சரிவும் ஒரே காலண்டரில்தான் இருக்கின்றன.

'கவலை இல்லாத மனிதன்' கொடுத்த கவலை

1960-ல் கண்ணதாசன் ஒரு படம் தயாரித்தார். பெயர் 'கவலை இல்லாத மனிதன்'. கே.சங்கர் இயக்கம், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. சந்திரபாபு கதாநாயகன். அவரைத் தமிழ்நாடு எப்படிப் பார்த்ததோ, அதையே படத்தின் பெயராக வைத்த மாதிரி இருந்தது.

படம் தோற்றது. கண்ணதாசனுக்குப் பெரும் நஷ்டம். அந்த நாட்களில் சந்திரபாபு ஷூட்டிங்குக்கு ஒழுங்காக வராமல் படுத்திய பாட்டைக் கண்ணதாசனே பின்னாளில் கசப்போடு எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சந்திரபாபுவின் தனிமைக்கு உலகம் மட்டுமே காரணம் இல்லை. நேரத்துக்கு வராத பழக்கம் இருந்தது. குடி இருந்தது. பெரிய நட்சத்திரங்களைப் பற்றி மனசில் பட்டதைப் பளிச்சென்று சொல்லிவிடுவார். யாராக இருந்தாலும் சமமாகப் பேசுவார். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது தைரியம். உடன் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு நண்பர் குறைந்துகொண்டே வந்தார்.

அவருடைய கூச்சமில்லாத சுபாவத்துக்குத் திரையுலகில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1965 போர்க் காலத்தில் ராணுவ வீரர்களை உற்சாகப்படுத்தப் போன கலைஞர்களோடு அவரும் போனார். குடியரசுத் தலைவர் மாளிகையில் பாடியபோது டாக்டர் ராதாகிருஷ்ணன் மனம்விட்டு ரசித்தார். மகிழ்ச்சி தாங்காமல் சந்திரபாபு ஓடிப்போய்க் குடியரசுத் தலைவரின் மடியிலேயே உட்கார்ந்து, தாடையைப் பிடித்துக் கொஞ்சினாராம். சிரிக்கத் தோன்றும் கதைதான். ஆனா யோசித்துப் பாருங்கள். தன்னைப் புரிந்துகொண்டு ரசிக்கிற ஒரு பெரியவரைப் பார்த்ததும், 38 வயது மனிதர் குழந்தை மாதிரி மடி தேடியிருக்கிறார். அன்றைக்கு அவர் பாடியதாகச் சொல்லப்படுவதும் ஜாலி பாட்டு இல்லை. 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் வருகிற, பிறப்பையும் இறப்பையும் பற்றிய கண்ணதாசனின் தத்துவப் பாட்டு.

மாடி வீட்டு ஏழை

1960-களில் அவருக்கு இரண்டு கனவுகள் இருந்தன. ஒன்று, வீடு. கிரீன்வேஸ் சாலைப் பக்கம், கார் நேராக மாடிக்கே ஏறிப்போகிற மாதிரி ஒரு பங்களா கட்ட ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். இரண்டாவது, எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக வைத்துத் தானே இயக்கும் படம். அதன் பெயர் 'மாடி வீட்டு ஏழை'.

படப்பிடிப்பு தொடங்கியது. ஆனா எம்.ஜி.ஆரின் தேதிகள் விஷயத்தில் சிக்கல் வந்தது. அதைப் பேசப் போன இடத்தில் எம்.ஜி.ஆரின் அண்ணன் எம்.ஜி.சக்கரபாணியோடு வாக்குவாதம் முற்றியது. படம் அதோடு நின்றது. போட்ட பணம் போனது, கடன் ஏறியது, கட்டிய வீடும் கையை விட்டுப் போனது. மாடி வீடு ஏழையின் கதையை எடுக்கப் போனவர், கடைசியில் அந்தத் தலைப்பாகவே ஆகிப்போனார்.

இந்த மோதலில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் ரசிகர்கள் சண்டை போடுவது உண்டு. ஆனா பிற்காலத்தில் எம்.ஜி.ஆரின் 'அடிமைப் பெண்' (1969) போன்ற படங்களில் சந்திரபாபு நடித்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கதை அவ்வளவு கறுப்பு வெள்ளை இல்லை.

1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை எழுதி இயக்கி நடித்தார். சாவித்திரி உடன் நடித்தார். பைபிளிலிருந்து எடுத்த தலைப்பு. வித்தியாசமான முயற்சி என்று பிற்காலத்தில் பேசப்பட்டாலும், வசூலில் தோல்வி. பதினான்கு வருஷத்துக்கு முன்பு ஜெமினி வாசலில் நின்ற இளைஞன் வாழ்நாள் முழுக்கத் தட்டிக்கொண்டேதான் இருந்தார் என்பது அந்தத் தலைப்பைப் பார்த்தாலே புரியும்.

கடைசி நாட்கள் எப்படி இருந்தன?

வாய்ப்புகள் குறைந்தன. நாகேஷின் காலம் வந்துவிட்டது. குடி அதிகமானது, உடம்பு கெட்டது. பணம் இல்லை. அந்தக் காலத்தில் அவரைக் கைவிடாத நண்பர்களில் முக்கியமானவர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

1974 மார்ச் 8 அன்று சந்திரபாபு இறந்தார். தன் உடல் எம்.எஸ்.வி. வீட்டில் கொஞ்ச நேரமாவது இருக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை என்றும், அது நிறைவேற்றப்பட்டது என்றும் நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சாந்தோம் அருகே குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சொந்த வீடு கட்டத் தெரிந்தவர், கடைசியாகக் கேட்டது ஒரு நண்பனின் வீட்டை.

அப்போ, பாட்டிலேயே சோகம் இருந்ததா?

சமூக வலைதளங்களில் சந்திரபாபு பாட்டுக்குக் கீழே அடிக்கடி பார்க்கலாம்: இது அவரே தன் வாழ்க்கையைப் பற்றிப் பாடியது என்று உருக்கமாக எழுதியிருப்பார்கள். 'அன்னை' (1962) படத்தில் வரும் 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' பாட்டுக்கு இது ரொம்ப நடக்கும்.

உண்மை என்னன்னா, அந்த வரிகள் அவருடையவை இல்லை. அது கண்ணதாசன் எழுதியது, ஆர்.சுதர்சனம் இசையமைத்தது. 'புதையல்' (1957) படத்தில் காதலிக்காக எதையும் செய்வேன் என்று அவர் உருகுகிற 'உனக்காக எல்லாம் உனக்காக' பாட்டை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். கதைக்கும் காட்சிக்கும் ஏற்ப கவிஞர்கள் எழுதிக் கொடுத்தது. அதை டைரிக் குறிப்பாகப் படிப்பது சரியாக வராது.

அப்படின்னா எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனா வேற இடத்தில். கவிஞர்கள் அவருக்கென்று எழுதும்போது என்ன மாதிரி எழுதினார்கள் என்று பாருங்கள். உலகம் புரியாமல் விழிக்கிறவன், தன்னையே முட்டாள் என்கிறவன், ஊர் வேஷத்தைப் பார்த்து சிரிப்பு வருகிறது என்கிறவன். 'குமார ராஜா' (1961), 'சகோதரி', 'ஆண்டவன் கட்டளை' (1964) என்று படம் மாறினாலும் ஆள் மாறவில்லை. கூட்டத்துக்குள் நின்றுகொண்டே கூட்டத்துக்கு வெளியே இருக்கிற ஒருவன். அவனை மற்றவர்கள் பாடினால் அது வெறும் தத்துவப் பாட்டு. சந்திரபாபு பாடினால் நம்பும்படி இருந்தது. அவரோடு வேலை செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததால்தான் அந்த மாதிரி பாட்டு திரும்பத் திரும்ப அவரிடம் போனது.

அதே நேரம், அவருடைய சந்தோஷத்தைப் பொய் என்று சொல்லவும் முடியாது. 'பம்பரக் கண்ணாலே'வில் தாளத்தோடு விளையாடுகிற சுகம் நடிப்பால் வராது. பாடிய அந்த மூன்று நிமிஷம் அவர் நிஜமாகவே சந்தோஷமாக இருந்திருக்கலாம். மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் பிரச்சினை.

தனிமை என்றால் தனியாக இருப்பதா?

இல்லை. இதைப் பிரித்துப் புரிந்துகொள்வது முக்கியம். ஆட்கள் சுற்றி இல்லாமல் இருப்பது ஒன்று. வேண்டிய உறவுக்கும் கிடைக்கிற உறவுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியால் வருகிற வலி வேறொன்று. இந்த இரண்டாவதைத்தான் தனிமை உணர்வு என்று உலக சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. 2025-ல் வெளியான அதன் அறிக்கைப்படி, உலகில் ஆறில் ஒருவருக்கு இந்த உணர்வு இருக்கிறது. ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுக்கு இதனோடு தொடர்பு இருக்கிறது என்று அந்த அறிக்கை கணக்கிடுகிறது.

சந்திரபாபுவைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். ஷூட்டிங், ரிக்கார்டிங், பார்ட்டி, ரசிகர்கள். ஆனா எல்லோரும் அவரிடம் எதிர்பார்த்தது ஒன்றைத்தான்: பாபு வந்தால் கலகலப்பு. அந்த எதிர்பார்ப்பை அவரும் ஒருபோதும் ஏமாற்றவில்லை. ஏமாற்றாததாலேயே அவரிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை.

இது சினிமாக்காரர்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. ஒவ்வொரு ஆபீஸிலும், ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒருவர் இருப்பார். மீம் போடுவது அவர், டீம் அவுட்டிங்கில் பாடுவது அவர், எல்லோரையும் கலாய்ப்பது அவர். ஒரு வாரம் அவர் அமைதியாக இருந்தால், ஏதோ பிஸி என்று விட்டுவிடுவோம். தன் கஷ்டத்தை அவரே சொன்னாலும் ஜோக் என்று சிரித்துவிடுவோம், கோர்ட்டில் தீக்குச்சி கொளுத்தியவருக்கு நடந்த மாதிரி.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

'பெண்' (1954) படத்தின் கல்யாணப் பாட்டில் ஆரம்பித்து, 'ஆண்டவன் கட்டளை'யின் (1964) 'சிரிப்பு வருது' வரைக்கும் வருஷ வரிசையில் கேட்டுப் பாருங்கள். சரியாகப் பத்து வருஷம். முதல் பாட்டில் தாவுகிற குரலும் கடைசிப் பாட்டில் சிரிக்கிற குரலும் ஒன்றேதான், ஆனா ஒரே மாதிரி இருக்காது. பிறகு, உங்கள் குரூப்பின் அந்தக் கலகலப்பான ஆளுக்கு ஒரு போன் பண்ணுங்கள். மெசேஜ் வேண்டாம், போன்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் பேச ஆட்கள் இருக்கிறார்கள். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணையும், மத்திய அரசின் டெலி-மானஸ் 14416 எண்ணையும் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.)